முன்வாளிக்கு ஒரு பின்வாளி



முன்பக்கம் வாளி வைத்த சின்ன டிராக்டர் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் அதோடு என்னென்ன சாமான்கள் சேர்த்து வாங்கலாம் என்று கேட்டு எழுதுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். தோட்டத்தில் கடைசிவரை உழைத்து, 55 வயதில் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கியவர்கள், அதை வைத்துப் பிள்ளைக்கு ஒரு தொழில் அமைத்துக் கொடுக்க நினைக்கிறார்கள். கோயில் திடலில் புல் வெட்டலாம், பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்யலாம், சிறு செம்பனைக் காணிக்காரர்களுக்கு உரமும் மண்ணும் சுமந்து கொடுக்கலாம். நல்ல எண்ணம். பிள்ளை வேறொருவரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆனால் வருகிற கடிதங்களில் ஒரு விசயத்தைக் கவனித்தேன். கேட்கப்படும் சாமான்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. வாளி, இரும்புக் கை, கிரேபர், சிலேஷர், ரோட்டவேட்டர், மண் தள்ளும் தகடு என்று எல்லாம் வருகின்றன. பின்னால் எவ்வளவு பாரம் கட்ட வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் மற்றதை வாங்குவது, பெட்ரோமாக்ஸ் விளக்கை வாங்கிவிட்டு மண்ணெண்ணெயை மறந்து வீடு திரும்புவது போலத்தான். விளக்கு எரியாது, அவ்வளவே. டிராக்டர் விசயத்திலோ வண்டி கவிழும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கச் சிரமமே இல்லை. காண்டா கம்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கும்போது எவ்வளவு கனமானாலும் தோளில் நிற்கும். ஒரு வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒற்றை வாளியோடு நடக்க முடியுமா? அடுத்த முனையைக் கையால் அழுத்திப் பிடித்தாக வேண்டும். கொஞ்சம் கை தளர்ந்தால் கம்பு புரண்டு பால் தரையில். முன்னால் வாளி வைத்த டிராக்டரும் ஒரு காண்டா கம்புதான். தோள் இருக்கிற இடத்தில் அதற்கு முன் அச்சு இருக்கிறது. முன்னால் ஒரு வாளி தொங்குகிறது. பின்னால் தொங்க வேண்டிய இரண்டாவது வாளியைத்தான் எதிர்ப்பாரம் என்கிறோம்.

இப்போது சிறிது கணக்கு. பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள்; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சின்ன டிராக்டர் ஒன்று, லோடரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வாளி காலியாகத் தரைக்கு அருகில் இருக்கும்போது முன் சக்கரங்களில் 450 கிலோ, பின் சக்கரங்களில் 450 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.6 மீட்டர். வாளியில் ஏற்றும் சுமையின் நடுப்பகுதி, முன் அச்சிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறது. அதில் 250 கிலோ ஏற்றுகிறோம். 250 கிலோ என்றால் உரமூட்டை ஐந்து. குலைக் கணக்கில் சொன்னால், குலை 20 கிலோ வீதம் பன்னிரண்டு குலைக்குச் சற்றே மேல்.

இந்த 250 கிலோவும் முன் சக்கரத்தில் மட்டும் போய் உட்காரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பின் சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது. எவ்வளவு தூக்குகிறது? 250-ஐ ஒரு மீட்டரால் பெருக்கி, 1.6-ஆல் வகுத்தால் 156. பின் சக்கரங்களில் 450 கிலோ இருந்தது 294 ஆகிவிட்டது. முன் சக்கரங்களிலோ 450-உடன் 250-உம், பின்னாலிருந்து வந்த 156-உம் சேர்ந்து 856 கிலோ. ஐந்தே மூட்டைதான் ஏற்றினோம்; முன் அச்சின் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

பின் சக்கரம் லேசானால் என்ன என்று கேட்கலாம். மூன்று கெடுதல் வருகிறது. முதலாவது, இழுவை போய்விடும். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியானால் ஈரச் செம்மண்ணில் சக்கரம் சும்மா சுழலும். இரண்டாவது, பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. பின் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் பயன் இல்லை. சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. சறுக்கிக் கொண்டே போகும். மூன்றாவதுதான் மிக மோசமானது. டிராக்டரின் முன் அச்சு, மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடுவதற்காக, நடுவில் ஒரே ஆணியில் கோத்திருக்கிறது. ஆகவே வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக் கொள்வது முன் சக்கரங்கள் அல்ல. பின் சக்கரங்கள் இரண்டும்தான். அவற்றின் மீதுள்ள எடை குறையக் குறைய, வண்டி ஒற்றை ஆணியில் நிற்கும் நாற்காலி போல ஆகிவிடும். ஒரு பக்கச் சக்கரம் மரத்தடி வேரில் ஏறினாலே போதும்.

சில இடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பின் சக்கரம் தூக்கினால் வேலையாள் ஒருவரை, சமயத்தில் இரண்டு பேரை, பின்னால் இரும்பில் ஏறி நிற்கச் சொல்வது. இதைப் பார்த்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள், அது உங்கள் மேலாளரே சொன்னதாக இருந்தாலும். ஓர் ஆள் 60, 70 கிலோதான். அந்த எடைக்காகப் பின் சக்கரத்துக்கும் சுழலும் தண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனை நிற்க வைக்கிறோம். 60 கிலோ இரும்பு பழைய இரும்புக் கடையில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எதிர்ப்பாரத்தை எங்கே வைப்பது? இரண்டு இடம் உண்டு. சக்கரத்திலேயே வைக்கலாம், அல்லது பின்னால் தொங்கவிடலாம். இந்த இரண்டும் ஒன்று என்று கடைக்காரரே சொல்லுவார். ஒன்றல்ல.

சக்கரத்தில் வைப்பது என்றால், டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும், சக்கரத்தின் பக்கத்தில் இரும்புத் தட்டு முறுக்குவதும். காற்றுக் குழாய் மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, அந்தக் குழாய் மட்டம் வரை தண்ணீர் விட்டால் முக்கால் பங்கு நிறையும். மீதிக் காலில் காற்று. முழுவதும் நிரப்பக் கூடாது. டயருக்கு நெளிந்து கொடுக்க இடம் வேண்டும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். அது ரிம்மை அரிக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. குழாய்த் தண்ணீரே போதும். இந்த நாட்டு வெயிலுக்கு இதுவாவது லாபம்! புல்வெட்டும் சின்ன வண்டியின் பின் டயர் ஒன்றில் ஏறத்தாழ 50 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் 100 கிலோ ஆயிற்று. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடையும் தாழ்வாக, அகலமாக இருப்பதால் சரிவுக்கு நல்லது.

பின்னால் தொங்கவிடுவது என்றால், மூன்று கொக்கியில் ஒரு கனமான பொருளை மாட்டுவது. இப்போது பழைய கணக்குக்கே வருவோம். டயர்த் தண்ணீரும் இரும்புத் தட்டுமாக 200 கிலோ சக்கரத்தில் சேர்த்தால், பின் சக்கரங்களில் 294 இருந்தது 494 ஆகும். முன் அச்சில் 856 அப்படியே இருக்கும். ஒரு கிலோகூடக் குறையாது. அதே 200 கிலோவைப் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால்? பின் சக்கரத்தில் 619 கிலோ. முன் அச்சில் 731. எடை ஒன்றுதான், ஆனால் பின்னால் தொங்குகிறது அல்லவா, அது முன்னால் இருக்கிற 125 கிலோவைத் தூக்கித் தன் பக்கம் கொண்டு வந்துவிடுகிறது. காண்டா கம்பின் பின்வாளி இதைத்தான் செய்கிறது.

சின்ன டிராக்டர்களில் முதலில் கெட்டுப்போகும் இடங்களில் ஒன்று முன் அச்சு. பேரிங் தேயும், எண்ணெய் சீல் கசியும், திருப்புகிற கம்பியின் முனை ஆடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் முன் அச்சுக்குள் பல்சக்கரங்களும் உண்டு. அவற்றை மாற்றுகிற செலவைக் கேட்டால் பாதி வண்டி விலை சொல்லுவார்கள். ஆகவே என் யோசனை இதுதான்: டயரில் தண்ணீரை நிரப்பிக் கொள்ளுங்கள், அது நிரந்தரமாக இருக்கட்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். லோடர் வேலைக்கென்று பின்னால் தொங்க ஒன்று வேண்டும்.

அந்த ஒன்றைக் கடையில் பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 200 லிட்டர் தகர டிரம் ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வெட்டும் நெருப்பைக் கிட்டே கொண்டு போகக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். உணவு எண்ணெய் இருந்த டிரம்மானாலும் நன்றாகக் கழுவி, உளியால் வெட்டுவதே நல்லது. பாதி டிரம் 100 லிட்டர் கொள்ளும். கான்கிரீட் ஒரு லிட்டர் ஏறத்தாழ 2.4 கிலோ. விளிம்பு வரை ஊற்றினால் 240 கிலோ. நான்கு விரல் குறைத்து ஊற்றினால் 200 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டுக்குள் வேலை முடிந்துவிடும். முழு டிரம்மையும் நிரப்பலாமே என்று ஆசைப்படாதீர்கள். 480 கிலோ ஆகும்; சின்ன வண்டி அதைத் தூக்காது, தூக்கினாலும் பின் அச்சும் டயரும் தாங்காது.

ஊற்றுவதற்கு முன்னால் இரும்பு வேலை. டிரம்மின் அடியிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் உயரத்தில், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும்படி ஒரே முழுக் கம்பி. இரண்டு முனையிலும் கீழ்க்கொக்கி மாட்ட 22 மில்லிமீட்டர் ஆணி. இது முதலாம் வகை இணைப்பின் அளவு. பெரும்பாலான சின்ன டிராக்டர்களுக்கு இதுதான். மிகச் சிறிய தோட்ட வண்டிகளில் 16 மில்லிமீட்டரில் பூஜ்ய வகை என்று ஒன்று உண்டு. ஆகவே முதலில் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். மேல்கொக்கிக்கு இரண்டு தகடு நிறுத்தி, 19 மில்லிமீட்டர் துளை. கீழ்க்கம்பிக்கும் மேல்துளைக்கும் நடுவே 46 சென்டிமீட்டர். கான்கிரீட்டுக்குள் இந்தக் கம்பியையும் தகட்டையும் குறுக்குக் கம்பிகளால் பற்றவைத்துப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாத ஆட்டத்தில் கம்பி மட்டும் தனியே சுழலத் தொடங்கும். பற்றவைப்பைத் தெரிந்த பட்டறைக்காரரிடம் விடுங்கள். இதில் மட்டும் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டாம். ஊற்றிய பிறகு ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். மறுநாளே மாட்டினால் விரிசல் விடும்.

எவ்வளவு எடை என்பதை என் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியோடு வரும் கையேட்டில், லோடர் மாட்டினால் பின்னால் எத்தனை கிலோ வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்த மாடலின் விற்பனையாளரிடம் நகல் கேளுங்கள். மலாய், ஆங்கிலம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது ஒரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். லோடர் தூக்கும் எடைக்கு இரண்டு எண் இருக்கும். ஒன்று, வாளி மாட்டும் ஆணியில் அளந்தது. மற்றது, அதற்கு 50 சென்டிமீட்டர் முன்னால் அளந்தது. விளம்பரத் தாளில் பெரிதாக அச்சடிப்பது முதலாவது எண். நீங்கள் உண்மையில் தூக்கப் போவது இரண்டாவது. பின்கொக்கிக்கும் இப்படியே: கொக்கி முனையில் ஓர் எடை, 61 சென்டிமீட்டர் பின்னால் ஓர் எடை.

இனி மற்ற சாமான்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒன்றாக வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

வாளி வண்டியோடு வந்துவிடும். மண், மணல், சாணம், கோழியெரு எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் வாளி நிறைய என்றால் எல்லாம் ஒரே எடை என்று நினைத்துவிடக் கூடாது. காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ, மழையில் நனைந்தால் 1.9, 2 கிலோவுக்குப் போகும். 150 லிட்டர் வாளியில் நேற்று 240 கிலோ ஏற்றிய பையன், இரவு மழை பெய்த மறுநாள் அதே குவியலில் அதே வாளியில் 300 கிலோ வரை ஏற்றுகிறான். வண்டி ஏன் இன்று மட்டும் ஆடுகிறது என்று அவனுக்குப் புரிவதில்லை.

இரண்டாவது, மேலே சொன்ன கான்கிரீட் டிரம். ஆம், சிலேஷருக்கும் முன்னால் அதுதான்.

மூன்றாவது, பின்னால் மாட்டிப் புல் வெட்டும் சிலேஷர். லாலாங், புதர், மரவரிசைக்கு நடுவே வளரும் களை எல்லாவற்றுக்கும் இதுதான் வருமானம் தரும் சாமான். சிலர் கேட்கிறார்கள்: சிலேஷரே கனமாக இருக்கிறதே, அதையே எதிர்ப்பாரமாக வைத்துக்கொள்ளலாமே? வைத்துக்கொள்ளலாம். எடை பின்னால் தள்ளி இருப்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீளம் ஜாஸ்தி. கோயில் சுவர் ஓரத்தில் மண் அள்ளித் திரும்பும்போது அது வால் போல வீசும். சுவரோ, வேலியோ, பின்னால் நின்ற ஆளோ அடிபடுவார்கள். நாள் முழுதும் லோடர் வேலை என்றால் கட்டையான டிரம்தான் சுகம்.

நான்காவது, இரண்டு இரும்புக் கை. மரப்பலகைத் தட்டில் அடுக்கிய உரமூட்டை, செங்கல் இவற்றை அப்படியே தூக்கலாம். உபயோகமான சாமான்தான். ஆனால் சுமை இன்னும் முன்னால் தள்ளிப் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அதே ஐந்து மூட்டை, முன் அச்சிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால், பின் சக்கரத்திலிருந்து 156 கிலோவுக்குப் பதில் 234 கிலோவைத் தூக்கிவிடும். எதிர்ப்பாரம் இல்லாத வண்டியில் பின்னால் மிச்சம் 216 கிலோ. பாதிகூட இல்லை. இரும்புக் கையில் தூக்கும்போது ஒரு மூட்டை குறைவாகவே அடுக்குங்கள்.

கிரேபர் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தோட்டங்களில் மினி டிராக்டரோடு குலை அள்ளுகிற கிரேபரைப் பார்த்துவிட்டு வரும் ஆசை அது. தோட்டத்தில் இருப்பது வேறு மாதிரி. கிரேன் போலக் கையை நீட்டிக் குலையைக் கவ்வி, பின்னால் வரும் டிரெய்லரில் போடும். முன் லோடரில் மாட்டுகிற கிரேபர், மட்டையும் வெட்டிய கிளையும் அள்ளத்தான் நன்றாக இருக்கும். அதற்குத் தனியாக ஹைட்ராலிக் குழாய் ஒன்று இழுக்க வேண்டும். அதன் சொந்த எடையும் லோடர் தூக்கும் எடையில் கழிந்துவிடும். முதல் வருடத்தில் இந்தச் செலவு வேண்டாம். வேலை வந்து, வேலைக்கு வேலை மட்டையாக வந்தால் பிறகு யோசிக்கலாம்.

இத்தனையும் மாட்டுகிற அந்த மூன்று கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. இதை அமைத்தவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். காப்புரிமை பெற்றது 1926-இல். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பையைச் சும்மா சங்கிலி போலக் கட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கி மல்லாந்து, ஓட்டுகிறவர்மீதே விழும். கலப்பையும் வண்டியும் ஒரே உடம்பாக இருந்தால் அப்படி நடக்காது என்று கண்டார் அவர். 1939-இல் ஃபோர்டு கம்பெனி டிராக்டரில் இந்த இணைப்பு வந்தது. இன்று உலகம் முழுவதும் இதுதான். ஆகவே இழுக்க வேண்டிய எதையும் மேல்கொக்கியில் கட்டி இழுக்காதீர்கள். இழுப்பது எப்போதும் கீழே, இழுவைக் கம்பியில்.

வண்டி வாங்கும்போதே இன்னொன்று பார்க்க வேண்டும். புல்வெட்டும் வண்டி என்ற பெயரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, உட்கார்ந்து ஓட்டிப் புல் மட்டுமே வெட்டுகிற வண்டி; மெல்லிய தகட்டுச் சட்டம், பெல்ட் ஓட்டம், பின்னால் மூன்று கொக்கி இருக்காது. இதற்குப் பட்டறையில் ஒரு வாளியைப் பற்றவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை மலிவாகத்தான் இருக்கும். வாங்க வேண்டாம். அதன் முன் அச்சு 250 கிலோவுக்குச் செய்ததல்ல. பின்பாரம் தொங்கவிட இடமும் இல்லை. மற்றது, உருவத்தில் அதே அளவுதான், ஆனால் வார்ப்பிரும்பு உடம்பு, மூன்று கொக்கி, நாலு சக்கர இழுவை எல்லாம் உள்ள நிஜ டிராக்டர். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். பின்னால் போய்க் குனிந்து பாருங்கள்.

நாலு சக்கர இழுவை இருந்தால் எதிர்ப்பாரம் வேண்டாமே என்றால், அது தப்பு. இழுவை கிடைக்கும், சரி. இறக்கத்தில் அந்தக் கியரைப் போட்டு வைத்தால் பிரேக்கின் பிடி முன் சக்கரத்துக்கும் போகும், அதுவும் சரி. கட்டாயம் போட்டு வையுங்கள். ஆனால் முன் அச்சு ஒற்றை ஆணியில் ஆடுவதும், அதன்மேல் 856 கிலோ உட்காருவதும் அப்படியேதான் இருக்கும்.

இனி ஓட்டுகிற பிள்ளைக்கு. சுமை ஏற்றியதும் வாளியைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்தே ஓட்ட வேண்டும். உயர்த்துவது கொட்டும் இடத்தில் மட்டும். வண்டி சாய்வது போலத் தோன்றினால் திருப்பாதே, குதிக்காதே, வாளியைக் கீழே விடு. கனமான முனை எப்போதும் மேட்டுப் பக்கம்: வாளி நிறைந்திருந்தால் மேட்டில் நேராக ஏறு, இறங்கும்போது பின்னோக்கி இறங்கு. சரிவில் குறுக்கே ஓட்டாதே. செம்பனைத் தெராஸ் ஓரத்தில், மழைக்குப் பிறகு, ஓரத்து மண் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. சிலேஷர் ஓடும்போது பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு ஒன்பது. கைலியோ துண்டோ சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இராது. அதன் பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் அன்று வேலைக்குப் போகாதே.

இருக்கைக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். வண்டி புரண்டாலும் ஓட்டுகிறவர் நசுங்காமல் இருக்க வைத்தது அது. ஸ்வீடன் நாட்டில் 1959-இல் புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். வண்டி புரண்டு இறப்பவர்கள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். செம்பனை மட்டை இடிக்கிறது என்று நம் ஆட்கள் இதை மடக்கிவிடுகிறார்கள். தாழ்ந்த மரத்தடியில் மடக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மடக்குங்கள். திறந்த வெளிக்கு வந்ததும் நிமிர்த்துங்கள். வளைவு நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்ட வேண்டும். மடக்கியிருக்கும்போது கட்டக் கூடாது. இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்களே அதிகம்.

சொந்தத் தொழில்தானே என்று பெர்கேசோவை விட்டுவிடாதீர்கள். கம்பெனியில் இருந்தபோது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி கட்டி வந்தார். இப்போது நீங்களே முதலாளி. சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பக்கத்துப் பெர்கேசோ அலுவலகத்தில் போய், பிள்ளையின் பெயரைப் பதிந்து வாருங்கள். கூலிக்கு ஆள் வைத்துக் கொண்டால் அவர் பெயரையும் பதிய வேண்டும்.

கடைசியாக, அந்த டிரம்மைக் கழற்றுவதைப் பற்றி. லோடரைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளித் திடலில் புல் வெட்டப் போகும்போது டிரம்மையும் கழற்ற வேண்டும். முன்னால் பாரம் இல்லாமல் பின்னால் மட்டும் 200 கிலோ தொங்கினால் மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டியைத் திருப்ப முடியாது. மழை நாளில் திடலிலும் பள்ளம் விழும், தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்க வேண்டும். கழற்றும்போது சமதளத்தில் இரண்டு கனமான பலகைமேல் இறக்குங்கள். எஞ்சினை நிறுத்திக் கைபிரேக் போட்ட பிறகே ஆணியைப் பிடுங்குங்கள். மேல்கொக்கியை முதலில், கீழ்க்கொக்கிகளைப் பிறகு. சரிவில் இறக்கினால் அடுத்த முறை மாட்டும்போது துளையும் ஆணியும் நேருக்கு நேர் வராது, கையை உள்ளே விட்டு நெம்பத் தோன்றும். விரல் போவது அங்கேதான். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் வீடானால், டிரம் உருளாதபடி இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து வையுங்கள்.